ஒரு காலைக்கு மூன்று ராகுகாலம்

ஆஸ்திரேலியாவின் வடக்கு முனை டார்வின் தொடக்கம் தென்துருவம் வரை தேடினாலும், என்னை இவ்வளவு கோபப்படுத்திய மனிதர் இன்னொருவர் அகப்படமாட்டார். இரத்த அழுத்தத்துக்கான குளிசையை விழுங்கிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எழுத்து தடித்துத் தெரிந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். சிட்னியின் பிளாக்டவுனில் மரக்கறிக் கடையில் நின்று "ராகு அங்கிள்" என்றால் மூன்று பேர் திரும்பி வீட்டுக்கு வழி சொல்வார்கள். முப்பது வருடம் சிட்னியில் பஸ் ஓட்டியவர். ராகுகாலத்தில் டிப்போவை விட்டுப் பஸ்ஸை எடுத்ததே இல்லையாம். அதற்காக, மற்றவர்கள் வேண்டாம் என்று ஓடுகிற ஷிஃப்டுகளை எல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார். இவரைப் போல உழைப்பாளி உண்டா என்று வெள்ளைக்காரன் ஒவ்வொரு வருடமும் ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறான்.

பித்தப்பை ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு நேரம் கொடுத்தார்கள். திங்கள் ஏழரை முதல் ஒன்பது வரை ராகு. அங்கிள் டாக்டரிடம் சொன்னாராம்: "டொக்டர், ஏழு இருபதுக்கு ஒருக்கா கத்தியைச் சும்மா தொட்டு எடுங்கோ. மிச்சத்தை நீங்கள் ஆறுதலா வெட்டலாம்."

இப்படிப்பட்டவரோடு நான் ஏன் பாலைவனத்துக்குப் போனேன்? அதைச் சொல்வதற்கு என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இன்னொரு கோபம்.

மகளுக்கு இருபத்தொன்பது வயது. பிசியோதெரபிஸ்ட். ஊரார் எலும்பையெல்லாம் நேராக்குகிறவள், தன் எலும்பை முறிப்பதற்கென்றே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினாள். புழுதியில் ஓடுகிற பந்தயச் சைக்கிள். பழகும்போது விழுந்து தோள் எலும்பு முறிந்தது. "இனி அந்தச் சனியனில ஏறினால் என்னோட கதைக்காதே" என்றேன். எலும்பு பொருந்தியது, ஏறினாள், கதைக்கவில்லை. எட்டு மாதம். சொல்வழி கேட்காத பிள்ளை, இதை மட்டும் எழுத்துப் பிசகாமல் கேட்டது.

மே மாதக் கடைசியில் மனைவி சொன்னாள்: "லோங் வீக்கெண்டுக்கு அலிஸ் ஸ்பிரிங்ஸில பெரிய ஓட்டமாம். ஞாயிறு பாலைவனத்துக்குள்ள போய், திங்கள் திரும்பி வரவேணுமாம். அவளும் ஓடுறாள். எனக்கு வேலையில லீவு இல்லை. நீங்கள் போங்கோ. அவள் முழுசா வந்து சேர்ந்திட்டாள் எண்டு ஒரு சொல் சொன்னால் எனக்குக் காணும்."

போகமாட்டேன் என்று இரண்டு நாள் முறைத்தேன். மூன்றாம் நாள் இணையத்தைப் பார்த்தால் விமானத்தில் இடமில்லை, ஹோட்டலில் அறையில்லை, வாடகைக்குக் காரில்லை. பந்தய வாரமாம். அப்போதுதான் தெரிந்தது, ராகு அங்கிள் அதே நாட்களுக்கு ஒரு சுற்றுலாக் குழு கொண்டுபோகிறார், ஒருவர் வராமல் நின்றுவிட்டார் என்று. அந்த இடத்தில் நான் விழுந்தேன். எதற்கு வருகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. எட்டு மாதமாகப் பேசாத மகளைப் பார்க்கப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் பறையடிக்கவா? "எழுத ஏதாவது அகப்படும்" என்று மழுப்பினேன்.

அங்கிளுக்கோ அது பந்தய வாரம் என்பதே தெரியாது. வெள்ளிக்கிழமை போய் இறங்கி, தெருவெல்லாம் டிரெய்லரும் மோட்டார் சைக்கிளும் நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன தம்பி, இவ்வளவு சனம்?"

"பந்தயமாம் அண்ணை."

"விசரர். காசு குடுத்துப் புழுதி தின்ன வந்திருக்கினம். நாங்கள் பகல் முழுக்க இடம் பாப்பம்."

நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு. எட்டுப் பேர், ஓடித் திரிய ஒரு வான் வண்டி. அதைக் கிளப்புகிற திறப்பு அங்கிளின் இடுப்பில். மன்னார் அன்ரி என்று ஒரு கத்தோலிக்க அம்மா சமையலுக்குப் பொறுப்பு. இரண்டு பெரிய ஐஸ்பெட்டி நிறையப் புட்டு, சம்பல், மீன் பொரியல் என்று சிட்னியிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார். அங்கிள் கைக்கடிகாரத்தில் நேரத்தை மாற்றவில்லை. சிட்னியைவிட அங்கே நேரம் அரைமணி பிந்தியது. "நாலு நாளைக்கு வந்தனான். அதுக்கேன் மணிக்கூட்டுக்குக் கரைச்சல்?" என்றார்.

சனிக்கிழமை காலை தகுதிச் சுற்று. ஒன்பது மணிக்கு மகள் ஓடுவாள். எட்டரைக்கு நான் சப்பாத்து மாட்டிக்கொண்டு வானடியில் நிற்கிறேன். அங்கிள் கதிரையில் சாய்ந்திருக்கிறார்.

"சனி ஒன்பதிலயிருந்து பத்தரை ராகு. என்ர வாட்சில ஒன்பது ஆச்சு."

இங்கேதான் என் அறிவு குறுக்கே வந்தது. வாசகர்களே, படித்தவன் வாயைத் திறக்கக் கூடாத இடங்கள் உண்டு. "அண்ணை, அது சிட்னி நேரம். இங்க இப்ப எட்டரைதான்" என்றேன். அதோடு விட்டேனா? "உண்மையில ராகுவுக்கு மணிக்கூடே இல்லை. சூரியன் உதிக்கிறதிலயிருந்து கணக்குப் பாக்க வேணும். இங்க ஏழே காலுக்குத்தான் சூரியன் வருது, பகலும் கட்டை. அப்பிடிப் பாத்தால் பத்துக்குத்தான் ராகு தொடங்கிப் பதினொண்டே காலுக்கு முடியும்."

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் பயம்.

"அப்ப மூண்டு ராகு இருக்கோ?"

"இல்லை அண்ணை. ஒண்டுதான் சரி."

"எது?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"பாத்தியே, தெரியாதெல்லே? அப்ப மூண்டையும் விட்டிட்டுப் போவம்."

எட்டரையிலிருந்து பதினொன்றே கால் வரை வான் அசையவில்லை. டாக்சிக்குப் போன் அடித்தேன், பின்னேரம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். பிறகு புறப்பட்டு ஒரு மலைப்பிளவுக்குப் போனோம். இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை, நடுவே குளிர்ந்த மணல், பாறை இடுக்கில் குட்டிக் கங்காருக்கள். அழகான இடமென்று எல்லோரும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு பழைய தந்தி நிலையம், தண்ணீரில்லாத ஆறு, பல்லிகளைக் கூண்டில் வைத்திருக்கும் இடம். அங்கிள் ஒவ்வொரு பல்லிக்கும் முன்னால் நின்று, அது எந்தத் திசையில் கத்தினால் என்ன பலன் என்று ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு அதைவிட மோசம். வரைபடத்தில் விரலை வைத்து, "உலுருக் கல்லு இந்தா கிடக்கு, ஒரு விரல்கடை. காலமை போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடலாம்" என்றார் அங்கிள். அந்த விரல்கடை நானூற்றைம்பது கிலோமீட்டர். விடியமுன்னர் எல்லோரையும் எழுப்பி ஏற்றிவிட்டார். மகள் புறப்படுகிற நேரம் நான் வேறு பாதையில் புட்டுப் பொட்டலத்தோடு போய்க்கொண்டிருந்தேன். ஐந்து மணி நேர ஓட்டம். அந்தப் பெரிய சிவப்புக் கல்லின் முன்னால் சரியாக இருபத்தைந்து நிமிடம்.

"கல்லு நல்லாத்தான் இருக்கு. வானில ஏறுங்கோ எல்லாரும். நாலு மணிக்கு முதலாவது ராகு" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் மன்னார் அன்ரி கழிப்பறைக்குப் போனார். வரும்போது நான்கு மணி இரண்டு நிமிடம். ஓடிக்கொண்டிருந்தால் குற்றமில்லையாம், நின்று மறுபடி புறப்பட்டால் அது புதுப் பயணமாம். மூன்று ராகுவும் முடிய ஆறு மணி. இரண்டு மணி நேரம் பாலைவனத்தின் நடுவே ஒரு பெற்றோல் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. மனைவி.

"போய்ச் சேர்ந்திட்டாளாம். வழியில ஒருக்கா விழுந்தவளாம். முழங்கை வீங்கியிருக்காம். எண்டாலும் நாளைக்கு ஓடித் திரும்பி வருவாளாம். அவள் புறப்படேக்க நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்" என்று பொய் சொன்னேன். வானுக்குப் பின்னால் போய் டயரை உதைத்தேன். கால்தான் நொந்தது.

திங்கள். ஒன்பதரை மணியிலிருந்து சைக்கிள்கள் வந்து சேரத் தொடங்கும். ஏழு மணிக்கு முதலாவது ராகு பிடிக்கும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். ஆறரைக்கே அங்கிளை எழுப்பி, ஆறே முக்காலுக்கு மற்ற எல்லோரையும் வானில் ஏற்றிவிட்டேன். மன்னார் அன்ரி மட்டும் குசினியில்.

"அன்ரி, வாங்கோ!"

"வெறும் வயித்தோட எங்க போறது? தேத்தண்ணி ஊத்திப் போட்டன். குடிச்சிட்டுப் போவம்."

எட்டுக் கோப்பை. ஒவ்வொன்றையும் இழுத்து ஆற்றி, கொண்டுவந்து ஜன்னலால் நீட்டினார். கடைசிக் கோப்பை திரும்பும்போது ஏழு மணி மூன்று நிமிடம். அங்கிள் திறப்பைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இனிப் பத்துக்குத்தான்."

எனக்குள் ஏதோ அறுந்தது.

"உங்கட ராகுவும் கேதுவும் நாசமாப் போக! அங்க என்ர பிள்ளை வருது அண்ணை! மோட்டார் சைக்கிள்ள! முழங்கை வீங்கின கையோட! எட்டு மாசமா என்னோட கதைக்காத பிள்ளை. அவள் முழுசா வாறதை நான் பாக்க வேணும். அதுக்குத்தான் வந்தனான். கல்லுப் பாக்க இல்லை!"

அங்கிள் மெதுவாகத் திரும்பினார். அவமானப்பட்டிருப்பார், மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நினைத்தேன். முகம் சிவந்து போயிருந்தது.

"அடேய்! நாலு நாளா என்ர வானுக்குள்ள இருந்து புட்டுத் திண்டனி. பிள்ளை ஓடுது எண்டு ஒரு சொல்லுச் சொன்னியோ? அந்தப் பிள்ளை புழுதிக்குள்ள விழுந்தெழும்ப, என்னைப் பல்லி பாக்க விட்டனியே! வெக்கமோ உனக்கு? பிள்ளை ஓடுறதுக்கு வெக்கமோ? நீயும் ஒரு தகப்பனோடா?"

மூன்று நாளாகச் சேர்த்துவைத்த என் கோபம் முழுவதையும் அவர் ஒரு நிமிடத்தில் தோற்கடித்துவிட்டார். திறப்பைப் போட்டு முறுக்கினார்.

"ராகுகாலமெல்லோ?" என்றார் அன்ரி.

"எல்லாம் என்ர தலையில வரட்டும். நீங்கள் செபமாலையைச் சொல்லுங்கோ."

முப்பது வருடப் பஸ்காரர் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தைப் பந்தயத்தில் சேர்த்திருக்கலாம். எட்டு மணிக்கெல்லாம் முடிவுக் கோட்டின் கயிற்றை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் மடக்குக் கதிரைகளும் கம்பளிப் போர்வைகளுமாகச் சனம்.

"பிள்ளை எத்தினையாம் நம்பர்?"

"தெரியாது அண்ணை."

"தெரியாதோ?" அடிக்கத்தான் போகிறார் என்று ஒதுங்கினேன். ஒரு பெருமூச்சு விட்டார். "சரி. அப்ப எல்லாருக்கும் கத்துவம்."

கத்தினார். தூரத்தில் புழுதி எழும்பினால் போதும். "எங்கட பிள்ளை வருது! வா மோனை! வா, வா, வா!" புழுதிக்குள்ளிருந்து ஒரு தாடிக்காரத் தடியன் வருவான். "நல்லது மோனை, நீயும் வந்திட்டாய்!" அடுத்த புழுதி. "எங்கட பிள்ளை!" அறுபது எழுபது பேருக்குக் கத்தியிருப்பார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களும், பிள்ளையைக் கூப்பிடுகிற சொல் என்று தெரியாமலே, "மோனை! மோனை!" என்று சேர்ந்துகொண்டார்கள். நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எனக்குச் சத்தம் வரவில்லை. ஒவ்வொரு புழுதிக்கும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பத்து மணியும் போய்விட்டது. மெலிந்த உருவம் ஒன்று ஒரு கையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி கோட்டைத் தாண்டியது. "வா மோனை!" என்ற சத்தத்துக்கு அந்தத் தலைக்கவசம் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பியது. சைக்கிளை உருட்டிக்கொண்டு கயிற்றடிக்கு வந்தாள். கவசத்தைக் கழற்றினால், கண் இரண்டைத் தவிர மற்றெல்லாம் சிவப்பு மண்.

"அப்பா?"

வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. அவள் முகத்தில் அந்த எட்டு மாதம் மறுபடி ஏறுவது தெரிந்தது. இப்படியே இன்னும் இரண்டு கணம் நின்றிருந்தால் திரும்பிப் போயிருப்பாள்.

அப்போது பக்கத்திலிருந்து, தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு குரல். அங்கிள்தான். அந்தக் கடைசிக் கத்தலோடு அவருக்குத் தொண்டை முற்றாகப் போய்விட்டிருந்தது.

"பிள்ளை, அப்பாவால இப்ப கதைக்கேலாது. விடிய வந்து நிண்டு உனக்காகக் கத்திக் கத்தி, மனிசனுக்குத் தொண்டை கட்டிப் போச்சு."

மகள் என்னைப் பார்த்தாள். "அந்த ஷவுட்டிங்... அது நீங்களா அப்பா? ஃபோர் மீ?"

அங்கிள் கயிற்றுக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் தலையாட்டினேன். அவள் கவசத்தை என் கையில் தந்துவிட்டு, அந்த மண்ணோடு மண்ணாக என் சட்டையில் முகத்தை வைத்தாள்.

இன்றைக்கும் அவள் அது என் குரல் என்றுதான் நம்புகிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன். யாரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை அங்கிளுக்கு. இன்னும் குரல் திரும்பவில்லை. மூன்று மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே எதையெதையோ காட்டி, கையால் ஏதோ விளக்கிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்கு நாளாக இந்த மனிதர் வாயை மூடமாட்டாரா என்று கொதித்தவன், அவர் ஒரேயொரு சொல் பேசிவிடமாட்டாரா என்று சிட்னி வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன்.