ஏன் சார் கேட்ட கத்திரிக்காய்க் கேள்வி

தன் கல்யாணத்தைத் தானே ஒரு கேள்வி கேட்டு அரை மணி நேரம் தள்ளிப்போட்ட மாப்பிள்ளை, உலகத்திலேயே எங்கள் ஏன் சார் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வடபழனி மண்டபத்தில் மாலையும் கையுமாக நின்றுகொண்டு, "இதை ஏன் மூணு தடவை மாத்தணும்?" என்று புரோகிதரைப் பிடித்துக்கொண்டாராம். பெண் எழுந்து போகாதது அவர் செய்த புண்ணியம்.

தி.நகரில் எங்கள் அலுவலகத்தின் ஊழியர் நலப் பிரிவு அவர் பொறுப்பு. எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்பதால் எங்களுக்கு அவர் ஏன் சார். வாசல் டீக்கடையில் நின்று, "நுரை ஏன் மேலேயே நிக்குது?" என்பார்.

"நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்பூடும் நைனா. குடிச்சிக்கினே கேளு" என்பார் கடைக்காரர்.

என் மகள் வித்யாவுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது சிறுநீரகக் கோளாறு வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. வருகை போதவில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. பதினெட்டு தாண்டிய பிள்ளை படித்துக்கொண்டிருந்தால்தான் எங்கள் அலுவலகம் வைத்தியச் செலவைத் தரும். உடம்பு முடியாததால் படிப்பு நின்றது. படிப்பு நின்றதால் உடம்புக்கு உதவி இல்லை.

விஷயம் தெரிந்த அன்று சாயங்காலமே ஏன் சார் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆறுதல் சொல்ல என்று நினைத்தேன். நேராகப் போய் அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கத்திரிக்காயை வெட்டி வெச்சா ஏன்மா கறுக்குது?"

சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பெண் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "காத்துல இருக்கிற ஆக்சிஜன் சேருது, அங்கிள்."

"வாழைத்தண்டை மோருல போட்டா மட்டும் ஏன் கறுக்கலை?"

"நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்று புத்தகத்தைத் தேட ஆரம்பித்தாள். மறுநாளும் வந்தார். அதற்கப்புறம் தினமும் வந்தார்.

ஒருநாள் மேனேஜர் அறைக்குள் போனார். நாங்கள் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

"சார், நான் காய்ச்சல்ல படுத்தா இந்த ஆபீஸ் ஊழியரா, இல்லையா?"

"ஊழியர்தான்."

"அப்ப அந்தப் பொண்ணு மட்டும் ஏன் மாணவி இல்லே? தினம் எனக்குப் பதில் சொல்றதுக்குன்னே படிக்கிறா."

"சரிப்பா, மேலிடத்துக்கு நாளைக்கு எழுதறேன்."

"ஏன் நாளைக்கு?"

மேனேஜர் எழுதி அனுப்பும்வரை இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மேலிடமும் ஒப்புக்கொண்டது; உதவி தொடர்ந்தது. அடுத்த வருஷம் உடம்பு தேறி, வித்யா தனித்தேர்வராகப் பரீட்சையும் எழுதினாள்.

இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஏன் சார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதாவது சந்தேகத்தோடு வருவார். போன ஞாயிறு நல்ல மழை. வித்யா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"ஏன்பா அங்கிள் இன்னும் வரலை?"

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்ப் பார்த்தேன்.