‘என்ன பேசினே’ மேடம்

திருச்சி வட்டாரத்துத் தொண்டு நிறுவனக்காரர்கள் பேய்க்குக்கூடப் பயப்பட மாட்டார்கள். ‘என்ன பேசினே’ மேடம் வருகிறார் என்றால் காய்ச்சலில் படுத்துவிடுவார்கள். கிராம சபையில் பெண்களைப் பேச வைக்கும் திட்டங்கள் உருப்படியாக நடக்கின்றனவா என்று பார்த்து மதிப்பெண் போடுவது அவர் வேலை. கூடவே போய்க் குறிப்பெடுப்பது என் வேலை.

மற்ற மதிப்பீட்டாளர்கள் எத்தனை பெண்கள் மைக் பிடித்தார்கள் என்று எண்ணுவார்கள். மேடம் எண்ண மாட்டார். கூட்டம் முடிந்ததும், பேசிய பெண்ணின் பின்னாலேயே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். வீட்டில் யாராவது அவளிடம் “என்ன பேசினே?” என்று கேட்டால் திட்டம் பாஸ். கேட்காவிட்டால் ஃபெயில்.

“இது என்ன கணக்கு மேடம்?” என்றேன்.

“ஊரே கை தட்டட்டும்ப்பா. வீட்ல ஒருத்தர் கேக்கணும். இல்லேன்னா அடுத்த கூட்டத்துக்கு அவ எதுக்கு வரப்போறா?”

விஷயம் பரவிவிட்டது. திருவெள்ளறைப் பக்கம் ஒரு கணவருக்கு நிறுவனத்தாரே பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் வராததால் கூட்டம் தாமதம். தண்ணீர் குடிக்க அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். மேடத்தைக் கண்டதும் மனிதர் விறைப்பாக நின்று, “செல்வி, கூட்டத்துல என்ன பேசினே?” என்று முழங்கினார்.

“நான் இன்னும் போகவே இல்லீங்களே!” என்றாள் செல்வி.

மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஃபெயில் போட்டார்.

பச்சைமலையில் ஒரு பெண் கிராம சபையில் இன்னொரு பஸ் வேண்டுமென்று பேசினாள். வீட்டில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கணவர், நிமிராமலே, “பஸ் கேட்டியா? என்ன பேசினே?” என்றார். யாரும் சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை. அவள் சொல்லச் சொல்ல மேடம் எழவே இல்லை. ஊருக்கு இருந்த ஒரே பஸ்ஸும் எங்களை விட்டுவிட்டுப் போனது. கிழங்கு லாரியில் மலையிறங்கி வந்தோம்.

அன்றிரவு ஸ்ரீரங்கத்தில் அவரை வீட்டில் விடப் போனேன். பூட்டைத் திறந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் டிவியைப் போட்டார்.

“பாக்கறதுக்கில்லப்பா. வீட்ல யாரோ பேசுறாப்பல இருக்கும். போயிட்டு வா.”

நான் போகவில்லை. “மேடம், இன்னைக்கு என்ன பேசினீங்க?” என்றேன்.

என்னையே பார்த்தார். டிவியை அணைத்தார். அன்று நான் பக்கத்திலிருந்து கேட்ட எல்லாவற்றையும், லாரி டிரைவரோடு போட்ட சண்டை உட்பட, முதலிலிருந்து சொன்னார். நானும் புதிதாகக் கேட்பவன்போலக் கேட்டேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பால்காரரிடம் பேசியது, காய்கறிக்காரம்மாவிடம் பேசியது என்று தினமும் போனில் சொல்வார். ஒருநாள் கேட்காமல் விட்டால் எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை.