பாஸ்போர்ட்டுக்குக் கண் திறந்த விவரம்

மாமல்லபுரம்,
14-12-93

அச்சரப்பாக்கம் மச்சான் சதாசிவம் அவர்கள் சமூகத்துக்கு, சிற்பப் பட்டறை பக்தவத்சலம் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், கடல், பட்டறை மூவரும் சுகம். அவ்விடம் தங்கச்சி அமிர்தவல்லியும் எருமையும் சுகமென்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நிற்க. உன் மகன் சின்னராசுவும் நானும் தென்னாப்பிரிக்கா டர்பனில் முருகன் கோயிலுக்குச் சிலை செதுக்க வெள்ளிக்கிழமை ஏரோப்ளேன் ஏறுகிறோம் அல்லவா. நான் வராமல் அங்கே ஒரு கல்லும் அசையாதாம், தந்தி மேல் தந்தி. அந்த நாட்டுக்காரன் விசா கொடுத்தாச்சு. நம்ம பாஸ்போர்ட்தான் தகராறு. ரெண்டு பேருதுலயும் 'தென்னாப்பிரிக்கா தவிர எல்லா நாட்டுக்கும் செல்லும்'னு இங்கிலீஷ்ல அடிச்சிருக்கான். அது பேச்சுவார்த்தை இல்லாத காலத்துல அடிச்சது. போன மாசம்தான் ரெண்டு கவர்மெண்டும் ராசியாயிடுச்சே! மெட்ராஸ் ஆபீசுக்குப் போனா கவுண்டர்காரர், "பெரியவரே, ராசியானது டெல்லியில. எனக்கு இன்னும் ஆர்டர் வரல"ங்கறார். "இன்னா சார், சம்பந்தியோட ராசியானா, விருந்துக்குப் போக ஆர்டரா கேப்பே?"ன்னு ஒரு போடு போட்டேன். க்யூவே கைதட்டிச்சு, போலீஸ்காரர் கண் கலங்கிட்டார். ஆர்டர் மட்டும் வரல. வெள்ளிக்கிழமையை விட்டா, வேலை வேற பட்டறைக்குப் போயிடும்.

விடுவேனா? முதல்ல சின்னராசுது, அப்புறம் என்னுதுன்னு நானே இறங்கிட்டேன். குளிச்சு, கற்பூரம் காட்டி, சாமிக்குக் கண் திறக்கிற உளியை எடுத்தேன். கண் திறக்கும்போது முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாதே, அதனால போட்டோவை மஞ்சத்துணியால மூடி, 'தவிர'ங்கற வார்த்தையை மட்டும் சுரண்டினேன். வார்த்தையோட காகிதமும் வந்து ஓட்டை விழுந்துடுச்சு. அதனால இன்னா? சிலைக்கு மூக்கு உடைஞ்சா இன்னா பண்றோம்? கல்தூளை அரக்குல குழைச்சு அடைச்சேன். பாஸ்போர்ட் இனிமே மூடாது, ஆனா நிக்க வச்சா கம்பீரமா நின்னுகினு கீது.

ஊரே எனக்குச் சால்வை போட்டாச்சு. பஸ் ஸ்டாண்டுல என் பேர்ல தட்டி கட்டியிருக்கு. பக்கத்து வூட்டு செங்கம்மாள் வழிக்கு நெத்திலிக் கருவாடு வறுத்துக் கொடுத்தா. சின்னராசுவை நான் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போறேன், நீ நிம்மதியா தூங்கு. திருப்போரூர் முருகன் உன் களத்தையும் தங்கச்சி வயித்தையும் குளிர வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆப்பிரிக்கா பக்தவத்சலம்

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள சின்னராசு மெட்ராஸ்லேர்ந்து வந்துட்டான். காலையில ஆர்டர் வந்துடுச்சாம். அவன் பாஸ்போர்ட்ல ஒரே சீல், வேலை முடிஞ்சுது. "உன்னுது உன் கையில இருந்தா, நான் கண் திறந்தது யாருது?"ன்னேன். போட்டோ மேல இருந்த மஞ்சத்துணியைத் தூக்கிக் காட்டி, "யாரு மீசைன்னு பாரு மாமா"ங்கறான்.

பையன் வெள்ளிக்கிழமை கிளம்பறான், சந்தோஷம். ஆனா தட்டியை இறக்க முடியாது, மச்சான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் நானும் டர்பன்ல இருக்கறதா பேரு, இருக்கப்போறது உன் வூட்லதான். தங்கச்சிகிட்ட சொல்லி உள்ரூம்ல ஒரு பாய் போடு. கருவாடு நான் எடுத்தாறேன்.