கரண்டியேந்தி அப்பா

கரண்டியேந்திகள் என்றொரு இனம் உண்டு. பிள்ளை வாயைத் திறந்தால் போதும், கொட்டாவிதான் என்று தெரிந்தும் ஒரு வாய் உள்ளே தள்ளிவிடுகிறவர்கள்.

மாடிவீட்டு பஸ் டிரைவர் அதில் முதல் வரிசை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் மகளுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும். தின்பதும் உடம்பில் ஒட்டாது. வேளாவேளைக்குச் செரிமான மாத்திரை போட்டுக்கொண்டு, மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலாக, வெண்ணெயும் முட்டையும் சீஸுமாகச் சாப்பிட வேண்டும். எடை குறைந்தால் நோய் ஏறி மிதிக்கும். டாக்டர் இதைச் சொன்ன நாளிலிருந்து மனிதர் உருளைக்கிழங்கு மசியலை விமானமாகப் பறக்கவிட்டார், குதிரையாக ஓடவிட்டார், கரடிக்குக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டினார், நிஜமாகவே தலைகீழாக நின்றார், கடைசியில் தட்டுக்கு முன்னால் மண்டியிட்டு அழுதும் பார்த்தார். பிள்ளையோ முதல் வாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அடுத்த காட்சிக்குக் காத்திருந்தாள். வயிற்றை நிரப்பி ஓசிக் கூத்தை யாராவது முடித்துக்கொள்வார்களா?

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சாப்பிடாதப்போ கண்டுக்காதீங்க. சாப்பிடுறப்போ பாராட்டுங்க. நீங்களும் கூட உக்காந்து அதையே சாப்பிடுங்க."

"அவளைச் சாப்பிட வைக்க நான் என்ன பண்ணணும்?"

"சும்மா இருக்கணும் சார்."

மலைப்பாதையில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். சும்மா இருப்பதா?

மறுவேளை மகள் மாத்திரையை விழுங்கிவிட்டு, வழக்கம்போலத் தட்டைத் தள்ளினாள். டிரைவரின் கை தானாக நீண்டது. மனைவி மேஜைக்கடியில் காலை மிதித்தாள். போக்கிடம் இல்லாத கை அவருடைய தட்டுக்கே திரும்பியது. வெண்ணெயில் மசித்த உருளைக்கிழங்கு, மேலே உருகின சீஸ். இத்தனை நாளும் அதைப் பறக்கவிட்டாரே தவிர, நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு தின்றார். மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"அப்பா, அது எனக்குப் பண்ணினது."

"அப்படியா?" என்றார் வாய் நிறைய.

மகள் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வாய், இன்னொரு வாய். அவர் மூச்சுவிடப் பயந்தார்.

"நல்லா சாப்பிடுறே, கண்ணு," என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டு, குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அடுத்த பரிசோதனையில் மகளுக்கு எடை கொஞ்சம் ஏறியிருந்தது. அப்பாவுக்கு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. இப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவரை நுழைக்கக் கண்டக்டர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

சிரிக்கிறீர்கள், சந்தோஷம். போன வாரம் உங்கள் வீட்டு விருந்தாளி 'போதும், போதும்' என்று தட்டைக் கையால் மறைத்தாரே, அந்த விரலிடுக்கில் பரிமாறியது யார்?