மில் ரோட்டுப் புல் பேசிய கதை

அந்த ஜனவரியில் ஹார்ல்டன் ஊரிலேயே நீளமான வரிசை எங்கே நின்றது தெரியுமா? ரொட்டிக் கடையிலும் இல்லை, மருத்துவமனையிலும் இல்லை. 'கம்பளி மூட்டை' மதுக்கடையின் பின்கதவில் நின்றது. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒருவரும் குடை பிடிக்கவில்லை. குடை பிடித்தால் ராசி மேலே இறங்காதாம். ராசி இறங்கியதோ இல்லையோ, சளி இறங்கியது.

உள்ளே ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புல்கட்டி. எங்கள் மில் ரோடு கால்பந்து மைதானத்தில் பெனால்டி அடிக்கும் புள்ளியிலிருந்து வெட்டியெடுத்ததாம். அந்தப் புல் பேசுமாம். அதன் பேச்சு ஒரே ஒருவருக்குத்தான் கேட்குமாம். அவர்தான் பேராசிரியர் லயனல் கிரேக்.

எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்று யாரும் கேட்கவில்லை. போன வருடம்வரை வீடு வீடாக ஜன்னல் விற்றவர். அவர் மாட்டிவிட்டுப் போன ஜன்னல் வழியாக எங்கள் வீட்டுப் படுக்கையறையில் இன்றைக்கும் காற்று அடிக்கிறது. ஜன்னலை மூடத் தெரியாதவனிடமா போய் எதிர்காலத்தைக் கேட்டாய் பெர்சி என்று என் மனைவி கேட்டாள். கேட்டேன். பத்து பவுண்டும் கொடுத்தேன். ஆசை யாரை விட்டது?

முப்பத்தெட்டு வருடம் கழித்து எங்கள் அணி முதல் பிரிவுக்கு ஏறியிருந்தது. ஆகஸ்டில் ஊரே தெருவில் ஆடியது. பாதிரியார் மேசை மேல் ஏறி ஆடினார். கிறிஸ்துமஸ் வந்தபோது இருபது அணிகளில் நாங்கள் இருபதாவது இடத்தில் இருந்தோம். கடைசி மூன்று அணிகளை மே மாதம் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். எங்கள் கோல்கீப்பர் பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடித்தான். பயிற்சியாளரைக் கேட்டால் பயிற்சி போதாது என்பார். அதை யார் கேட்பது? புல் சொன்னால் கேட்போம்.

கிரேக்கின் முறை மிக எளிது. ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். அவர் குனிந்து புல்லில் காதை வைப்பார். கண் சொருகும். பிறகு அடுத்த ஆட்டத்தின் முடிவை நம் காதில் கிசுகிசுப்பார். "வெளியே மூச்சு விடாதீங்க. விட்டா பலிக்காது."

இந்தச் சட்டம் அவர் கொண்டுவந்ததில்லை. ஹார்ல்டன்காரன் எவனும் ஆட்டத்துக்கு முன்னால் முடிவை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சொன்னால் திருஷ்டி. எழுபத்து நாலாம் வருடம் 'இன்னைக்கு நாமதான்' என்று சொல்லிவிட்ட ஒரு தபால்காரர் இன்னும் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். கிரேக் புதிதாகப் பூட்டு வாங்கவே இல்லை. எங்கள் வாயில் ஏற்கெனவே தொங்கிய பூட்டை எடுத்துக்கொண்டார்.

சொன்னது பலித்தவன் மறுநாள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். பலிக்காதவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குற்றம் அவன் மேல்தானே? ராசிக் காலுறையைத் துவைத்திருப்பான். தூக்கத்தில் உளறியிருப்பான். நான் அக்டோபரிலிருந்து ஒரே காலுறை. என் மனைவி வேறு அறையில் படுத்தாள்.

பிப்ரவரியில் வரிசையாக நாலு தோல்வி. ஊர் முணுமுணுக்கத் தொடங்கியது. ஒருநாள் கிரேக் எல்லார் முன்னாலும் புல்லில் வெகுநேரம் காதை வைத்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் இருண்டிருந்தது.

"மேற்குப் பக்கம். 'எம்'ங்கிற எழுத்து வரிசை. நாற்பத்தொண்ணாம் இருக்கை. தரித்திரம் அங்கதான் உக்காந்திருக்கு."

நாற்பத்தொன்றில் உட்காருகிறவர் ஹோரஸ் ஸ்கெல்டன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அதே இருக்கையில் முப்பத்தாறு வருடம். ஒரு உள்ளூர் ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. மனைவியை அடக்கம் செய்த சனிக்கிழமைகூட, அவள் கழுத்துத்துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்து இருக்கை. இன்னொரு விஷயமும் உண்டு. மேற்குப் பக்கத்திலேயே கிரேக்கின் வரிசையில் நிற்காத ஆள் அவர் ஒருவர்தான். புல்லுக்கு எப்படியோ அது தெரிந்திருந்தது.

நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள். யாரும் அவரை அடிக்கவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தோம். நாலு தடவை மன்னிப்புக் கேட்டோம். பிறகு இரண்டு பக்கமும் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டோம். வலது கை நான்.

"என்னாலயாடா தோக்குறோம், பெர்சி?" என்று கேட்டார்.

நான் அவர் கையில் தேநீர்க் கோப்பையைச் சரியாகப் பிடித்துக்கொள்ளச் செய்தேன். வெட்கக்கேடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் அவர் வந்தார். வந்து, கார் நிறுத்துமிடத்தில், மழையில், எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மே மாதம். கடைசி ஆட்டம். ஜெயித்தால் தங்குவோம். சமமானாலும் போச்சு. கிரேக்கின் வரிசை ரயில் நிலையம்வரை போயிற்று. என் காதில் அவர், "ரெண்டு கோல்ல தோல்வி," என்றார். முகம் வெளுத்த என்னிடம் ஒரு கொத்துப் புல்லைத் தந்து ஷூவுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். விதி மாறினாலும் மாறுமாம். அதற்குத் தனியாகப் பத்து பவுண்டு.

பாதி ஆட்டம் முடிந்தது. பூஜ்யம், ஒன்று. நாங்கள்தான் பூஜ்யம். புல் காலை அரித்தது. நொண்டிக்கொண்டே எட்னாவின் கறியப்பக் கடைக்குப் போனேன். சுடச்சுட மாவப்பத்துக்குள் கறி வைத்துத் தருகிறவள். இருபது வருடமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறாள். ஊர்க்காரன் ஒவ்வொருவன் மூஞ்சியும் அவளுக்கு மனப்பாடம்.

"பெர்சி, ஒண்ணு கேக்கிறேன் கண்ணு. எல்லாரும் அதே புல்லுகிட்டதானே கேட்டுட்டு வர்றீங்க?"

"ஆமாக்கா."

"அப்புறம் ஏன் மூஞ்சி மட்டும் மூணு விதமா இருக்கு? நீ எழவு வீட்டுக்குப் போறவன் மாதிரி நிக்கிற. உன் பின்னாடி டெஸ்மண்ட் கல்யாண மாப்பிள்ளையாட்டம் இளிக்கிறான். அவன் தம்பி ரெண்டுமில்லாம முழிக்கிறான்."

திரும்பிப் பார்த்தேன். டெஸ்மண்ட் நிஜமாகவே இளித்துக்கொண்டிருந்தான்.

"சொல்லக் கூடாதுக்கா," என்றேன்.

"சொல்ல வேணாம். எழுது." அப்பம் சுற்றும் காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினாள். "வாயைத்தானே திறக்கக் கூடாதுன்னான்? கையைக் கட்டிப்போடலையே. எழுதி மடிச்சு இந்தத் தட்டுல போடுறவனுக்கு அப்பம் இலவசம்."

இலவசம் என்றதும் திருஷ்டி பயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. பத்து நிமிடத்தில் தொண்ணூற்றாறு காகிதம். எட்னா ஒவ்வொன்றாகப் பிரித்து உரக்கப் படித்தாள். மேசையில் மூன்று குவியல் போட்டாள். வெற்றி முப்பத்து நாலு. சமம் இருபத்தொன்பது. தோல்வி முப்பத்து மூன்று.

அப்பம் மென்ற வாய்கள் அத்தனையும் நின்றன.

"எதுவாவது ஒண்ணு நடக்கும்," என்றாள் எட்னா. "மூணுல ஒரு பங்கு ஆளு நாளைக்கு அவனைத் தெய்வம்னு சொல்லும். மிச்சப் பேரு காலுறையை மோந்து பாத்துட்டு மூடிக்கிட்டுப் படுத்துக்கும். இதுக்குப் புல்லு எதுக்குய்யா? மூணு காகிதம் போதுமே."

கிரேக் இலவச அப்பத்துக்கு வரிசையில் வந்திருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"புல் அவரவர் மனசுக்கு ஏத்த மாதிரி பேசும்," என்றார்.

"அப்படியா? எம் வரிசை நாப்பத்தொண்ணுன்னு மட்டும் எல்லார் மனசுக்கும் ஒரே மாதிரி பேசிச்சோ?" என்றாள் எட்னா.

பேராசிரியருக்கு அவசரமாகக் கழிவறை போக வேண்டியிருந்தது. உள்ளே போனவர் ஜன்னல் வழியாக வெளியேறினார். அவரே மாட்டிய ஜன்னலாம். ஒரு தள்ளில் சட்டத்தோடு கழன்று விழுந்தது.

நான் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். ஹோரஸ் சுவரில் சாய்ந்து நின்றார். நடந்ததையெல்லாம் கொட்டினேன். மனிதர் அசையவில்லை.

"நான் வரலைடா. ஒருவேளை நிஜமா இருந்தா? நான் உள்ள வந்து தோத்துட்டா, ஊரு கிடக்கட்டும், நானே என்னை மன்னிக்க மாட்டேன்."

பார்த்தீர்களா? பத்து பவுண்டு கொடுக்காதவர் மூளைக்குள்ளும் அந்தப் புல்லை நட்டுவிட்டோம்.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்த எட்னா கேட்டாள். "நீங்க வெளிய நின்ன உள்ளூர் ஆட்டம் எத்தனை, ஹோரஸ்?"

"ஏழு."

"ஜெயிச்சது?"

"ரெண்டு."

"அப்ப மிச்ச அஞ்சும் யாரு தரித்திரம்? கார் நிறுத்துற இடத்தோடதா?"

ஹோரஸ் கழுத்துத்துணியை இறுக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். நாற்பத்தொன்றில் உட்கார்ந்தார். நான் ஷூவைக் கழற்றி, புல்லை உதறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எழுபதாவது நிமிடம் ஒரு கோல். தொண்ணூற்றிரண்டாவது நிமிடம், மூக்கில் பட்டதா தோளில் பட்டதா என்று அடித்தவனுக்கே தெரியாத இன்னொரு கோல். ஜெயித்தோம். தங்கிவிட்டோம். முன்பின் தெரியாத ஒரு தடித்த ஆள் என்னை நெற்றியில் முத்தமிட்டான். பாதிரியார் தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்தவர் தொப்பியையும் எறிந்தார். ஹோரஸ் வாய்விட்டு அழுதார்.

அப்போதுதான் டெஸ்மண்ட் கத்தினான். "ஹோரஸண்ணே உள்ள வந்த ராசி. அவர் வந்தாரு, ஜெயிச்சோம்."

அவ்வளவுதான். கூட்டம் திரும்பியது. ஒருவன் அவர் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒருத்தி நாற்பத்தொன்றாம் இருக்கையில் தன் குழந்தையை உட்காரவைத்தாள். ஒருவன் லாட்டரிக்கு எண் கேட்டான். ஏன் பொய் சொல்ல வேண்டும், என் கையும் அவர் கழுத்துத்துணிப் பக்கம் தானாக நீண்டது.

ஹோரஸ் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். இருக்கை மேல் ஏறி நின்றார்.

"டேய், பிப்ரவரியில இதே இருக்கைல உக்காந்தா தரித்திரம், இன்னைக்கு உக்காந்தா ராசியா? ஜெயிச்சது அந்தப் பதினோரு பேரோட காலு. என் பின்பக்கம் இல்ல. பந்தை உதைக்கத்தான் கால்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க கழுத்துக்கு மேல இருக்கிறது எதுக்குன்னு உங்களுக்கு எப்படா தெரியும்? தொப்பி மாட்டுற ஆணியாடா அது?"