மூச்சு அண்ணாச்சி ஒப்புக்கொண்ட ஒரே தப்பு

பம்பாயில் தப்பே செய்யாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அதை அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

அறுபதுகளில் தாராவியில் ஒரு தகரக் கொட்டகையில் கார் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். எந்த வண்டி வந்தாலும் ஸ்குரூடிரைவரின் முனையை இஞ்சினிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு முட்டுது" என்பார். அதனால் மூச்சு அண்ணாச்சி. சர்தார்ஜி டாக்ஸிக்காரர்களுக்கும் அதே தீர்ப்புதான், அரைகுறை இந்தியில்: "இஞ்சின்கோ சாஸ் மாங்தா, சாப்!" இஞ்சினுக்கு மூச்சு வேண்டுமாம்.

மூச்சு முட்டியது அவருக்கும்தான். இளைப்பு நோய். நாலு போல்ட்டைக் கழற்றினால் ஐந்து நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"டாக்டரிடம் காட்டுங்களேன் அண்ணாச்சி" என்பேன்.

"காட்டி? இஞ்சின்னா ஹெட்டைக் கழட்டிப் பாக்கலாம். எனக்கு எதைக் கழட்டுவான்?"

மாட்டுங்காவிலிருந்து என் குட்டிக் காரை அவரிடம் கொண்டுபோனேன். தாதர் பாலத்தில் ஏறும்போது மாட்டுவண்டிக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டே போவான், அப்படிப்பட்ட கார் அது.

"பெரிய இஞ்சின் என்னத்துக்கு சார்? இருக்கதை ஒழுங்கா மூச்சு விட விட்டாப் போதும்."

இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை மயிரிழை சீவினார். காற்றுப் போகும் துவாரங்களை எமரித் தாளால் வழவழவென்று தேய்த்தார். கார்புரேட்டரிலிருந்து ஒரு தகரக் குழாயை இறக்கி, முன்பக்க பம்பருக்கு அடியில் வாயைத் திறந்து வைத்தார். குளிர்ந்த காற்றை அப்படியே குடிக்குமாம்.

"ஆனா சார், மழைக்கு முந்தி வண்டியைக் கொண்டாந்திருங்க. குழாயை மேல தூக்கிருதேன். இல்லைன்னா தண்ணியக் குடிச்சிரும்."

மறுநாளே பாலத்தில் எங்கள் மேனேஜரின் பெரிய காரை முந்தினேன். அடடா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! குழாயைத் தூக்கினால் அது போய்விடுமோ என்று பயம். அண்ணாச்சி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "அடுத்த வாரம்" என்று சொல்லியனுப்பினேன். மழை பிடித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சம்சாரம், எனக்கு மதினி, தொப்பலாக நனைந்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சார், அவுகளுக்கு மூச்சே வரலை. வண்டியை எடுங்க."

அவர் வீட்டுக்குப் போய் அவரை ஏற்றினோம். பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிங்ஸ் சர்க்கிள் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே முழங்கால் தண்ணீர். பாதித் தூரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் நின்றது. நான் செய்த காரியம் எனக்கு உடனே புரிந்தது.

தள்ள வந்தவர்களில் ஒரு தமிழன் பம்பருக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். "எந்த மடையன்யா குழாயை இங்க வச்சது?"

நான் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தேன். அண்ணாச்சி தலையைத் தூக்கினார்.

"நான்தான்... சார் தூக்கச் சொன்னாரு... ரெண்டு வாட்டி சொன்னாரு... நான்தான் மறந்துட்டேன்."

இதைச் சொல்ல அவருக்கு நாலு மூச்சு செலவாயிற்று. இருந்ததே அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை.

அதற்குப் பிறகு அவள் என்னை எங்கே பார்த்தாலும், "உங்க வண்டியைக் கெடுத்துட்டுப் போயிட்டாகளே சார், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்பாள். நானும், வெட்கம் கெட்டவன், "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

மதினி, உங்களுக்குப் படிக்க வராது. யாராவது இதைப் படித்துக் காட்டட்டும். அண்ணாச்சி எதையும் மறக்கவில்லை. அவர் தப்பே செய்யாத மனுஷன்.