ஆண்வழிக்கு எழுதப் போன குழாய்க் கடை

வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி சிவமணிக்கு,

உன் மகன் மிதுஷனின் பேருக்குக் கடையை எழுதும் காரியம் போன வெள்ளிக்கிழமை நடக்கவில்லை. இங்கே என் இடுப்பைத் தவிர எல்லோரும் சுகம்; அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க, அதை எழுதித்தரும் நொத்தாரிசு ஹாஷிமிடம் போனேன். ஃபைல் தூக்க என் மகள் ஹம்சிகாவைக் கூட்டிப்போனது என் பிழை. உயிரியல் பட்டம் எடுத்துவிட்டு ஆறு வருஷமாக என் குழாய்க் கடைக்குச் சரக்கு எடுக்கிறவள். ஏன் மிதுஷனுக்கு என்று ஹாஷிம் ஒரு பேச்சுக்குக் கேட்டார். எனக்கு ஆண்பிள்ளை இல்லை, அப்பாவின் வழி தம்பி மகனிடம்தான் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான், தொடங்கிவிட்டாள். அந்த வழியில் மாறாமல் வருவது வை நிறமூர்த்தம், அதாவது வை குரோமோசோம், என்ற ஒரு துண்டு மட்டும்தானாம். முந்தி அதில் ஆயிரம் பரம்பரையலகு, அதாவது ஜீன், வரை இருந்து, கோடிக்கணக்கான வருஷத்தில் தேய்ந்து இப்போது ஐம்பது அறுபதுதான் மிச்சமாம். எக்ஸ் என்ற மற்ற நிறமூர்த்தம் பெண்ணிடம் சோடியாக இருக்கிறது, ஒன்று பழுதென்றால் மற்றதோடு மாற்றிச் சரிக்கட்டும். வைக்கு மாற்ற ஆளில்லை. நாற்பது வருஷ வியாபாரிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், தம்பி: உதிரிப்பாகம் வராத பம்ப். முழுதாக எப்போது முடியுமாம் என்று கேட்டேன். சிலர் இன்னும் சில மில்லியன் வருஷம் என்கிறார்களாம், சிலர் தேய்வது எப்போதோ நின்றுவிட்டது என்கிறார்களாம். கடைக்கு அது தாராளம் என்று பேனையை எடுத்தேன். நாலு பெடியன்களைப் பெற்ற ஹாஷிம்தான் ஃபைலை மூடிவிட்டு, அப்போ ஆண்களே இல்லாமல் போவார்களா என்று கவலையோடு கேட்டார். இல்லையாம். ஜப்பானில் முள்மயிர் உள்ள ஓர் எலி இனத்துக்கு வை அடியோடு போயும் ஆண் எலி பிறந்துகொண்டுதான் இருக்கிறதாம்.

"எலியே வேண்டாமெண்டு விட்டதை வச்சே, அப்பா, கடை எழுதப் போறியள்?" என்றாள். "உங்கட எக்ஸ் முழுசா எனக்குத்தான் வந்தது. மிதுஷனிட்ட அதில ஒரு துண்டும் இல்லை."

ஒரு கிழமை யோசித்து வரச்சொல்லி ஹாஷிம் அனுப்பிவிட்டார்.

ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். வரும் வெள்ளி கையெழுத்து வைப்பேன், பெறாமகன் மிதுஷனை அனுப்பிவை. உன் மனைவி சுரேகாவை விசாரித்ததாகச் சொல். எல்லோருக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
அண்ணன் நாகேந்திரம்

பி.கு.: உறையை ஒட்டக் கொடுத்தேன், ஹம்சிகா வாசித்துவிட்டாள். சண்டை பிடிக்கவில்லை. "வையுங்கோ கையெழுத்தை. திங்கக்கிழமை நான் வேற வேலைக்குப் போறன். எந்தப் பைப் எந்த றாக்கில எண்டு மிதுஷனுக்கு நீங்களே காட்டுங்கோ" என்றாள். எனக்கே தெரியாது. ஆகவே பேசி முடித்தது இது: கடை அவள் பேருக்கு. மிதுஷன் சம்பளத்துக்கு வரலாம், மூன்று மாதம் பார்த்தபிறகே நிரந்தரம். நான் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை கடையில் இருக்கலாம். விலை குறைக்கக் கூடாது.